கட்டத்துக்குள் நிற்பவன்

பெரிய படத்தைத் தொடங்கும் முன் அதைத் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் வரைந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்பில் ஆசிரியை முதலில் சொன்னது இதுதான். துறைமுக அலுவலகத்தில் வரைவுக்கும் ஒரு வரைவு எழுதி ஓய்வு பெற்ற எனக்கு இந்த முறை உடனே பிடித்துவிட்டது. அட்டையில் சதுரமாக ஓர் ஓட்டை வெட்டி, கையை நீட்டிப் பிடித்து, வலது கண்ணை மூடிக்கொண்டு, ஓட்டையின் நடுவிலேயே பார்வையை நிறுத்த வேண்டும். வெள்ளை, சாம்பல், கறுப்பு மட்டும் போதும். மற்றவர்களின் கண் அங்குமிங்கும் அலையும். எனக்கு விதி என்றால் விதி.

முதல் கட்டத்தைப் பழைய மீன்பிடித் துறையில் வரைந்தேன். கரையேற்றிய வள்ளங்கள், அப்பால் தண்ணீர். நடுவுக்குச் சற்று இடப்பக்கம், தண்ணீர் விளிம்பில் ஓர் ஆள் நின்றான். கறுப்பாகத் தீட்டினேன். அட்டையை இறக்கியபோது அவன் இல்லை.

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"அங்கன யாரு நிக்கா? நாய்கூட இல்லியே அண்ணாச்சி. ரிட்டையரான பொறவும் ஆள் எண்ணுதியளோ?" என்றார். பிறகு, "சங்கெடுக்கக் கடல்ல முங்குனவன் எவனாவது வெயில் காய வந்திருப்பான்" என்று சிரித்தார். முங்கி எழுந்தவனா, எழாதவனா என்று நான் கேட்கவில்லை.

அடுத்தது ஆறுமுகநேரி உப்பளம். ஒளிய ஒரு நிழல்கூட இல்லாத வெள்ளை. வரப்பில் அவன் நின்றான். அட்டையை இறக்கினேன், வெறும் உப்பு. உடன்குடிப் பக்கம் பனைகளை வரைந்தபோது அவனும் ஒரு பனை என்று நினைக்கப் பார்த்தேன். பனைக்குத் தோள் கிடையாது.

"சார், ஆளை எங்க நிறுத்தணும்னு உங்களுக்குத் தானா வருது" என்று ஆசிரியை பாராட்டினார். நன்றி சொன்னேன். நான் நிறுத்தவில்லை, அவனாக வந்து நிற்கிறான் என்று வகுப்பில் எப்படிச் சொல்வது?

அதன் பிறகு வெளியே வரையப் போகவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சாப்பாட்டு மேசையை வரைந்தேன். கூஜா, முருங்கைக்காய், பின்னால் சுவர். சுவரை ஒட்டி அவன் நின்றான்.

என் மனைவி கணக்கு ஆசிரியையாக இருந்தவள். நான் வரைந்து தாளிலிருந்து வெட்டி வைத்திருந்த கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கடல் உப்பின்மேல் விழுந்தது, உப்பு மேசையின்மேல் விழுந்தது. ஆள் மட்டும் ஆளின்மேலேயே விழுந்தான்.

"ஏங்க, இவன் எங்கயும் போகல. அளந்து வச்ச மாதிரி ஒரே எடத்துல நிக்கான். எந்தக் கண்ண மூடுதீங்க?"

"வலது."

"இப்ப இடது கண்ண மூடிட்டுப் பாருங்க."

சுவர் சுத்தமாக இருந்தது. கண்ணை மாற்றினேன். வந்து நின்றான். அவள் கட்டங்களைக் கவிழ்த்து வைத்தாள்.

இடது விழித்திரையின் நடுவில் கசிவு என்றார் டாக்டர். கண்ணுக்குள் ஊசி போட்டார். போன பார்வை திரும்பாது, மீதியைக் காப்பாற்றலாம், கறை பெரிதானால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்றார். இத்தனை நாளும் வலது கண் இடதின் வேலையையும் சேர்த்துப் பார்த்து விஷயத்தை மூடி மறைத்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இப்படிப் பல நாற்காலிகள் ஓடின.

அதிலிருந்து காலையில் மொட்டை மாடியில் நின்று ஒரு கட்டம் வரைகிறேன். தண்ணீர்த் தொட்டி, தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள், நடுவில் அவன். கீழேயிருந்து மனைவி கேட்பாள்:

"நிக்கானா?"

"நிக்கான்."

"கிட்ட வந்தானா?"

"இல்ல."

"அப்ப நீங்க கீழ வாங்க. காப்பி ஆறுது."

இன்று காலை அவன் தோள் தொட்டியைத் தொட்டது. பென்சில் மழுங்கியிருக்கும் என்று சீவிவிட்டு, அதே தாளில் அடியில் இன்னொரு கட்டம் வரைந்தேன். தொட்டி பாதிதான் தெரிந்தது.

"கிட்ட வந்தானா?"

"காப்பிய மூடி வை" என்றேன். "ஆட்டோவுக்குச் சொல்லு."