தரகர் காட்டிய உதாரணம்

இன்று புதூர்நாட்டு மலையிலிருந்து ஜீப்பில் திருப்பத்தூருக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். முன் இருக்கையில் ஒரு வீட்டுத் தரகர். அவருக்குப் பக்கத்தில் புதிதாகக் கல்யாணமான ஜோடி. முதல் வீடு வாங்குகிறார்கள். இன்றே அட்வான்ஸ் கொடுக்கப் போகிறார்களாம்.

தரகர் சொன்னார்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ தம்பி. எல்லாம் சரியா அமையணும்னு குந்தினு இருந்தா, பின்னாடி கீறாரே வாத்தியார், அவர் கதிதான். பதினாறு வருசமா வூடு பாக்குறாரு."

ஜீப்பே திரும்பி என்னைப் பார்த்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "எந்த வூடுய்யா? ஏரிக்கரை வூடா? போன மழைக்கு எனக்கும் அதத்தான காட்டின? ஹால்ல கணுக்கால் அளவு தண்ணி. கேட்டா, 'வெயிலுக்கு ஜில்லுனு இருக்கும் சார்'ன்ற!"

தரகர் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளை பணப்பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"நல்லவேளை சொன்னீங்க சார்" என்றது அந்தப் பெண். "இப்ப நீங்க இருக்கிற வாடகை வூட்ல தண்ணி வராதுங்களா?"

முழங்கால் வரை வரும்.

அதைச் சொல்லாமல், என் நிறுத்தம் வருமுன்பே இறங்கி நடந்தேன்.

காத்திருந்தது தப்பு என்று கமெண்டில் பாடம் எடுக்க வருகிறவர்கள், மழை நாளில் உங்கள் ஹாலைப் படம் எடுத்துப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.