காது கேட்காத இரண்டு விரல்கள்

கோவர்த்தனன் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. காலையில் சத்தியவேட்டில் தென்பட்டால் மதியம் புத்தூரில் இருப்பார். புத்தூரில் போய்த் தேடினால் நகரியில் யாருடைய எருதின் வாயையோ பிளந்து பல் பார்த்துக்கொண்டிருப்பார். மாட்டுத் தரகர். தூக்கத்தில்கூட அவருடைய வலது கை சும்மா இருக்காது. ஒருநாள் தன் மணிக்கட்டைப் பிடித்து ஒரு ஜோடி காளையை அடிமாட்டு விலைக்குக் கேட்டாரென்றும், தான் படியவில்லையென்றும் அவர் மனைவி தாட்சாயணி சொல்லுவாள்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கமில்லை. தரகர் கையும் எதிராளி கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். எந்த விரலைப் பிடித்தார்கள், எதை மடக்கினார்கள், எங்கே அழுத்தினார்கள் என்பதுதான் பேச்சு. சுற்றி நிற்கிறவர்களுக்குத் தெரிவதெல்லாம் ஒன்றையும் காட்டாத இரண்டு முகங்கள்.

இந்தத் துண்டு அவருக்கு வேறொரு விதத்திலும் உதவியது. ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்த பிறகு, எங்கள் பக்கம் யாருக்குச் சேர்ந்தது என்பது தீராமலே வருஷங்கள் போயின. இரண்டு தரப்பும் மேடை போட்டன. இரண்டு மேடையிலும் முழங்கியவர்கள் இறங்கி வந்து கோவர்த்தனனிடம் மாடு வாங்கினார்கள். "நீ தமிழா தெலுங்கா, ஒண்ணு சொல்லுய்யா" என்று எவராவது நெருக்கினால், "துண்டைப் போடுங்க, சொல்றேன்" என்பார்.

இப்படி ஊரெல்லாம் விவரமானவர் என்று பெயரெடுத்தவருக்குத் தன் உடம்பு விஷயத்தில் மட்டும் ஒரு கொள்கை இருந்தது. மனுஷ மருந்து ஏமாற்று. மாட்டு மருந்துதான் மருந்து.

"மனுஷ டாக்டர் கீறாரே, போனவொடனே இன்னா பண்ணுது, எப்பலேர்ந்து, இன்னா துன்னேன்னு நம்மளையே கேப்பாரு. அதெல்லாம் தெரிஞ்சா நான் ஏன் அவருகிட்டப் போறேன்? மாட்டு டாக்டரைப் பாரு. மாட்டை ஒரு வார்த்தை கேக்கறாரா? பாத்தே கண்டுபுடிச்சிட்றாரு."

மலிவு என்பதும் உண்டு, அதை அவர் கொள்கையாகச் சொல்வதில்லை. மனுஷக் களிம்பு சுண்டுவிரல் பருமனுள்ள ட்யூபில் வரும். கொடுத்த காசை நினைத்துக்கொண்டே பிதுக்க வேண்டும். மாட்டு ஆஸ்பத்திரியில் கரண்டியால் அள்ளிப் போடுவார்கள். கொட்டாங்குச்சி ஒன்று கொண்டுபோனால் போதும்.

பசுவின் மடி வெடிப்புக்குக் கொடுக்கும் களிம்பை அவர் தன் குதிகால் வெடிப்புக்குத் தடவினார். தாட்சாயணி தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் அவர் இல்லாத நேரத்தில் தானும் தடவிக்கொண்டாள். நன்றாகவே வேலை செய்தது, அதுதான் வினை. அடுத்து மாட்டுப் பூச்சி மருந்தில் ஒரு துண்டை உடைத்து விழுங்கிவிட்டு இரண்டு நாள் வயல் பக்கமே குடியிருந்தார்.

"பூச்சி போச்சா?" என்று கேட்டார்கள்.

"பூச்சி போச்சோ இன்னாவோ, நான் போய்ட்டு வந்தேன்" என்றார். ஆனாலும் நம்பிக்கை குறையவில்லை. எருது எட்டு ஆள் கனம். அதற்கு வேலை செய்கிற மருந்து ஓர் ஆளுக்கு எட்டு மடங்கு வேலை செய்யும் என்பது அவர் கணக்கு. விரலிலேயே கணக்குப் போட்டுப் பிழைத்த மனிதர், பெருக்கிய இடத்தில் வகுக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை.

அறுபதாம் வருஷம் மாசி மாதம். எங்கள் சத்தியவேடு சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திராவுக்கு, திருத்தணி ஆந்திராவிலிருந்து சென்னைக்கு என்று முடிவாகி, சித்திரைக்கு முன்னாலேயே கைமாறப் போகிறது என்ற சமயம். ஆபீஸ்களில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து கோவர்த்தனனின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் கணுக்கள் வீங்கிக்கொண்டன. மடக்க முடியவில்லை. பாகாலா பக்கத்துப் பெரிய சந்தை நெருங்கிவிட்டது. மற்றச் சந்தைகள் அவருக்கு அன்றாடச் சோறு. அது ஒன்றுதான் வருஷச் சோறு. அங்கே அவர் கை வேலை செய்யாவிட்டால், வாடிக்கைகளை அள்ளிக்கொண்டு போகத் தாமோதரன் தயாராக இருந்தான். அவனும் தரகன்தான், இளவயசு. தினம் ஒரு தடவை வந்து, "வெரலு எப்பிடிக்கீதுண்ணே?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனான். அந்த அக்கறையில்தான் கோவர்த்தனனுக்கு வலி கூடியது.

கொட்டாங்குச்சியை எடுத்துக்கொண்டு மாட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். கம்பவுண்டர் சம்பத் வேலூர்க்காரர். சென்னைப் பக்கம் மாற்றல் கேட்டு எழுதிப் போட்டுவிட்டு, வாசலில் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே எழுந்து நிற்கிற நிலைமையில் இருந்தார்.

"எருதுக்குக் கணு வீங்கிக்கீது சார்."

"எந்தக் கால்?"

"வலது. முன்னங்காலு."

"வயசு?"

"நாப்பத்தி..." என்று ஆரம்பித்துவிட்டு, "கடைப்பல்லு முளைச்சாச்சு சார்" என்று முடித்தார்.

சம்பத் ஒரு டப்பாவைத் திறந்து சிவப்புக் களிம்பை அள்ளினார். நொண்டுகிற எருதுக்குப் போடுவது. தோலைக் கொப்பளிக்க வைத்து, உரித்து, அந்த இடத்துக்கு ரத்தத்தை இழுத்து வருவதுதான் அதன் வைத்தியமே.

"முடியைச் சிரைச்சிட்டு அழுத்தித் தேய்க்கணும். தேய்ச்சதும் கட்டிப்போட்டுடுங்க. கண்ட இடத்துல உரசக் கூடாது. முக்கியமா, நக்க விட்டுடாதீங்க. வாய்க்குப் போனா ஆபத்து."

"மத்தபடி பயமில்லியே சார்?"

"எருதுக்கு என்ன பயம்?"

வாழ்நாளில் எந்த வைத்தியர் சொன்னதையும் கேட்காத மனிதர், இந்த ஒன்றை எழுத்துப் பிசகாமல் கேட்டார். விரலில் இருந்த நாலு முடியைச் சிரைத்தார். அழுத்தித் தேய்த்தார். நக்க விடக் கூடாது என்றாரே என்று, அந்தக் கையால் சோறு தின்னாமல் தாட்சாயணியை ஊட்டச் சொன்னார். பொழுது சாய்வதற்குள் விரல்கள் நெருப்பில் வைத்த மாதிரி ஆயின. கையைச் சுவரில் தேய்த்தார், வேட்டியில் தேய்த்தார், கொட்டகைக்கும் கிணற்றுக்கும் நடந்தார். கடைசியில், "ஏமே, கட்டிப்போடச் சொன்னாரு கம்பவுண்டரு. கட்டிப்போடு என்னை" என்றார்.

"எங்க கட்றது?"

"எருதை எங்க கட்டுவாங்க?"

தாட்சாயணி எருதை அவிழ்த்து வெளியே விட்டாள். அது நின்ற கம்பத்தில் புருஷன் கையைக் கட்டினாள்.

மறுநாள் சம்பத் அந்தப் பக்கம் கன்றுக்குட்டிகளுக்கு ஊசி போட வந்தவர், சைக்கிளை நிறுத்தினார்.

"உங்க எருதை ஒரு பார்வை பாத்துட்டுப் போலாம்னு வந்தேம்மா."

"கொட்டாயில கட்டிக்கீது. போய்ப் பாருங்க சார்" என்றாள் தாட்சாயணி, முகத்தில் ஒன்றையும் காட்டாமல். தரகர் பெண்டாட்டி.

உள்ளே போன சம்பத் போன வேகத்தில் வெளியே வந்தார். எருது வெயிலில் நின்று அசைபோட்டபடி அவரைப் பார்த்தது.

"அம்மா, இது என்ன அநியாயம்! கையெல்லாம் கொப்பளமா நிக்குது!"

"வலது முன்னங்காலு சார் அது" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மனுஷனுக்கு நான் வைத்தியம் பண்ணக் கூடாது. தெரிஞ்சா மாற்றலும் போச்சு, வேலையும் போச்சு."

"மனுசனுக்கு யாரு சார் கேட்டா? எருதுக்குச் சொல்லுங்க" என்றாள் தாட்சாயணி.

சம்பத் வைக்கோல் போரின் பக்கம் திரும்பிக்கொண்டார். அதனிடமே சொன்னார்: "எருதுன்னா, உடனே கட்டை அவுக்கணும். சோப்புப் போட்டு மருந்தைக் கழுவணும். கொதிக்க வச்சு ஆறின தண்ணிதான். வெள்ளைத் துணியைச் சுத்தி, அந்த எருதை இன்னைக்கே பஸ்ஸுல ஏத்தி, புத்தூர்ல மனுஷ டாக்டர்கிட்டக் கூட்டிக்கிட்டுப் போகணும்."

புத்தூர் டாக்டர் எதிர்பார்த்தபடியே கேள்வி கேட்டார். இன்னது போட்டேன் என்று சொல்லாமல், "நாட்டு மருந்துங்க" என்றார் கோவர்த்தனன். டாக்டர் நாட்டு மருந்தைத் திட்டிவிட்டு ஒரு வெள்ளைக் களிம்பு கொடுத்தார். தோல் உரிந்தது. புதுத்தோல் வந்தது, குழந்தையுடையது மாதிரி ரோஜா நிறத்தில். வீக்கமும் வடிந்திருந்தது என்பதைச் சொல்லாவிட்டால் சிவப்புக் களிம்புக்குத் துரோகம் செய்ததாகும். விரல்கள் மடங்கின, நீண்டன, யார் கையையும் பிடித்தன. ஆனால் யாராவது அவற்றைப் பிடித்தால் தெரியவில்லை. தாட்சாயணி கிள்ளிப் பார்த்தாள்; அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு விரல்களும் பேசும். ஆனால் காது கேட்காது. இது பெரிய உத்தியோகஸ்தர்களுக்குப் பொருந்தும், தரகருக்குப் பொருந்தாது.

"உணர்ச்சி வரலாம், நாளாகும்" என்றார் டாக்டர். சந்தை நாளாகாமலே வந்துவிட்டது.

இந்த ஒரு வருஷம் போக வேண்டாம் என்றாள் தாட்சாயணி. "போவாம வூட்ல உக்காந்துக்கினு இன்னா பண்றது?" என்றார்.

சந்தையில் முதல் பேரம் திருத்தணிப் பக்கத்து ஆளோடு. துண்டுக்குள் அந்த ஆள் எதையோ அழுத்தினார். கோவர்த்தனன் முகத்தை வைத்துக்கொண்டு ஊகித்தார். ஊகித்த விலையைப் போய் விற்கிறவர் கையில் சொன்னார். விற்கிறவர் துண்டை உதறிவிட்டு, "இன்னாய்யா, என் எருதை ஆடுன்னு நெனச்சிக்கினியா?" என்று கத்தினார். கூட்டம் கூடியது. தாமோதரன் முன்னால் வந்து நின்றான்.

"இன்னாண்ணே, வெரலு செவுடாயிட்ச்சா? கொஞ்சம் சத்தமா அமுக்கச் சொல்லட்டா?"

சந்தை சிரித்தது. கோவர்த்தனனும் சிரித்தார், சிரித்தபடியே அடுத்த ஆளிடம் போனார். இந்தத் தடவை இடது கையை நீட்டினார். அந்த ஆள் பாம்பைக் கண்டவர் மாதிரி பின்வாங்கினார்.

"காலையில முத யாவாரம்! பீச்சாங்கையைக் குடுக்கறியே, புத்தி கீதா ஒனக்கு?"

அதற்கடுத்தவரும் அதையே கொஞ்சம் மோசமான சொற்களில் சொன்னார். உச்சி வெயில் வந்தது. கோவர்த்தனன் சந்தையை மேற்கும் கிழக்குமாக அளந்துகொண்டிருந்தார். பின்னாலேயே அவருடைய வாடிக்கைகள் ஒவ்வொருவராகத் தாமோதரன் துண்டுக்குள் கைவிட்டார்கள்.

குடிபாலாவிலிருந்து வெங்கடரமண நாயுடு என்று ஒருவர் வருஷா வருஷம் அந்தச் சந்தைக்கு வருவார். வெல்லம் காய்ச்சுகிறவர், ஆலை இழுக்கக் கனத்த ஜோடி வேண்டும் அவருக்கு. எந்த வெயிலிலும் வலது கைமேல் சால்வை போட்டிருப்பார். கரும்பு கொடுக்கும்போது ஆலை அந்தக் கை விரல்களை வாங்கிக்கொண்டுவிட்டது. துண்டுக்குள் விட அவரிடம் விரலில்லாததால் தாமோதரன் அவர் காதில் விலையைச் சொல்லுவான். சந்தையில் காதில் சொல்வது தண்டோரா போடுவதற்குச் சமம். பக்கத்தில் நிற்கிறவனெல்லாம் கேட்டுவிட்டு விலையை ஏற்றுவான். ஒவ்வொரு வருஷமும் ஊரிலேயே விலை உயர்ந்த மாடுகள் நாயுடுவுடையவைதான்.

இடது கையோடு ஓர் ஆள் துரத்தப்படுவதை நாயுடு இரண்டு மூன்று தடவை பார்த்தார். பிறகு தாமோதரன் "நாயுடுகாரு, நாயுடுகாரு" என்று கூப்பிடக் கூப்பிட, கூட்டத்தைத் தாண்டி வந்தார்.

"ஏமய்யா கோவர்த்தனா, ஆ செய்யி இட்லா இய்யி" என்று தன் இடது கையை நீட்டினார். அந்தக் கையை இப்படிக் கொடு.

துண்டு விழுந்தது. இரண்டு இடது கைகளுக்கும் பேசிப் பழக்கமில்லை. பால்வாடிக் குழந்தைகள் மாதிரி திக்கின, ஒரே விரலைத் திரும்பத் திரும்பச் சொல்லின. நாயுடுவின் உதடு அசைந்தது. கோவர்த்தனன் புருவம் ஏறி இறங்கியது. ஒரு தடவை இருவரும் தப்பாகப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தே விட்டார்கள். முகத்தைப் பார்த்தே விலை சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனால் சொல்லக்கூடியவர்கள் எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தள்ளி நின்றுவிட்டார்கள். விலை படிந்தது. படிந்த பிறகும் நாயுடு கையை விடவில்லை. வெகுநாள் கழித்து ஊர்க்காரனைப் பார்த்தவர் மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார்.

"குடிபாலாவில் என்னைப் போல இன்னும் சிலர் கீறாங்க" என்றார் போகும்போது. "ஆலை எவரையும் விடாது கதா."

அந்தச் சந்தையில் கோவர்த்தனன் முடித்த பேரம் அது ஒன்றுதான். ஆனால் அடுத்தடுத்த சந்தைகளில் குடிபாலாவிலிருந்தும் சித்தூர்ச் சுற்றுப்பக்கத்திலிருந்தும் சால்வை போட்ட மனிதர்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். ஊரில் இத்தனை பேருக்கு வலது கை முழுசாக இல்லை என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. வருஷச் சோற்றுக்குப் பழுதில்லாமல் போயிற்று. "பீச்சாங்கைத் தரகு" என்று தாமோதரன் வைத்த பெயர் விளம்பரமாக உதவியது.

சந்தை முடிந்து ராஜ்யமும் மாறியது. அன்றைக்குக் காய்ச்சல் என்று கோவர்த்தனன் வீட்டில் படுத்திருந்தார். ஓயாமல் அலைந்த மனிதர், அசையாமல் கிடந்த ஒரு நாளில் ஒரு ராஜ்யத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனார். சம்பத்துக்கு மாற்றல் கிடைத்தது. மழைக்காலத்தில் ஆள்காட்டி விரலுக்கு உணர்ச்சி திரும்பியது. நடுவிரலுக்குத் திரும்பவில்லை.

அந்த மழையில் நனைந்து அவருக்குத் தோளில் படை வந்தது. புத்தூர் டாக்டர் கொடுத்ததில் பாதி ட்யூப் மிச்சமிருப்பதைத் தாட்சாயணி ஞாபகப்படுத்தினாள். அவர் அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், எருதின் கழுத்தில் நுகத்தடி தேய்த்த புண்மேல் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

"அது மனுச மருந்து மாமா."

"தெரியும்மே. அதான் நம்ப முடியல. எருதுக்கு ஒண்ணும் ஆவலன்னா அப்புறமா நான் போட்டுக்கறேன்."