நனைக்காத சுவர்

என் மதினியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் இதைப் பழைய வீடு திருத்திய கதை என்று நினைத்து ஏமாறக் கூடாது. மதினி என்றால் என் கணவரின் மூத்த சகோதரி. கல்முனைக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. இங்கே கல்யாணம் முடித்தால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதைவிட வீட்டைத்தான் உற்றுப் பார்ப்பார்கள்.

என் வீடு உம்மா எனக்குத் தந்தது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருஷம் இந்தச் சுவரில் இடுப்பளவு உப்புத் தண்ணீர் நின்றது. அடுத்த கோடையில் வீசிய கச்சான் காற்றுக்குச் சுவர் காய்ந்து, உப்பை வெள்ளை வெள்ளையாக உதிர்த்துவிட்டுத் தன்பாட்டில் நின்றது. கடலால் முடியாததை மதினியின் புருஷன் செய்து முடித்தார்.

அவர் கட்டட வேலை கொந்தராத்து எடுப்பவர். அவர்களுடைய மகனுக்கும் என் மகளுக்கும் முறை இருந்தது, சின்ன வயதிலிருந்தே பேச்சும் இருந்தது. என் மகளுக்கு அவனைப் பிடிக்கும். வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் அவன் பேச்சு வந்தால் குசினிக்குள் போய்விடுவாள். காரியம் முற்றி வந்த நேரம் மதினி ஒருநாள் வந்து சுவரை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"இது என்ன புள்ள, தொட்டாக் கொட்டுது. என்ட மகன் வாற ஊடு இப்படியா இரிக்கிற? இவர அனுப்புறன், சீமெந்து பூசித் தருவார்."

அவர் வந்தார், பூசினார். உள்ளும் புறமும் சீமெந்து, அதற்கு மேல் மினுங்குகிற பெயின்ட், வெளியே சுவரோடு ஒட்டி முற்றம் முழுக்கக் கொங்கிறீட். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நானே வீதியில் இறங்கி நின்று பார்த்தேன்.

மாரி பிறந்தது. எங்கள் ஊரில் மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர்தான். அந்த ஈரம் அடியிலிருந்து சுவரில் ஏறும், சுண்ணாம்பின் வழியாக மெல்ல வெளியே போகும். இப்போது போக வழியில்லை. சீமெந்துக்குப் பின்னால் அது மேலே மேலே ஏறியது. பெயின்ட் கொப்புளித்தது, ஜன்னலடி கறுத்தது, அலுமாரிக்குள் உடுப்பெல்லாம் பூஞ்சணம் பிடித்தது. அந்த நாட்களில்தான் மதினி கல்யாண நாள் குறிக்கவென்று நாலைந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. சுவரில் கையை வைத்தாள், பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தாள்.

"இந்த ஓதம் புடிச்ச ஊட்டுக்குள்ள என்ட புள்ள வந்து படுத்தா, நெஞ்சுச் சளிதான் மிச்சம். நாங்க வேற இடம் பாக்கம்."

என் மகள் தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்றாள். கொண்டு வரவா, திரும்பிப் போகவா என்று தெரியாமல் நின்ற அந்தப் பிள்ளையின் முகம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஓதத்தைக் கொண்டு வந்ததே உங்கட புருஷன்தானே என்று எனக்கு வாய் வரை வந்தது. என் கணவர் கண்ணாலேயே கெஞ்சினார், விழுங்கிக்கொண்டேன். அந்தப் பையன் கொஞ்ச நாளில் ஒரு புது வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய்விட்டான்.

இந்த வீட்டைக் காயவைப்பேன், என் மகள் இந்த வீட்டிலேயே வாழுவாள், மதினி இந்தச் சுவரடிக்கே வந்து உட்காருவாள் என்று அன்றைக்கே எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பழைய கட்டடங்களில் வேலை செய்த ஒரு மேசன் பாஸை, அதாவது கொத்தனாரை, தேடிப் பிடித்தேன். முதலில் சுவரோடு ஒட்டியிருந்த கொங்கிறீட்டை உடைத்து, அந்த இடத்தில் தண்ணீர் ஓடக் கான் வெட்டிச் சரளைக்கல் நிரப்பினோம். கூரைத் தண்ணீர் சுவரில் வழியாமல் கூரை விளிம்புப் பீலியை மாற்றினோம். பிறகு சீமெந்தைக் கொத்தி எடுத்தோம். பாஸ் கொத்தினார், நானும் ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு கொத்தினேன். ஒவ்வொரு துண்டு விழும்போதும் எனக்கு ஒரு ஆளின் ஞாபகம் வந்தது. சில துண்டுகளோடு செங்கல்லின் முகமும் சேர்ந்து உரிந்து வந்தது. அதைக் காணும்போது கோபம் இன்னும் கூடியது.

அதற்குப் பிறகு ஒன்றும் செய்யக் கூடாது என்றார் பாஸ். கச்சான் காற்று முடியும் வரை சுவரைச் சும்மா விட்டோம். உரித்த கோழி மாதிரி வீடு நின்றது. துக்கம் கேட்கப் போன ஒரு மௌத்து வீட்டில் மதினி என்னைப் பற்றிச் சொன்னாளாம், "அவக்குப் பைத்தியம், நல்லா இருந்த ஊட்ட உரிச்சுப் போட்டிரிக்கா" என்று. சொன்னவர்கள் வந்து என்னிடம் சொன்னார்கள். சொல்லட்டும் என்று இருந்தேன்.

சுவர் காய்ந்ததும், தொட்டியில் பல மாதம் ஊறிய சுண்ணாம்பை மணலோடு குழைத்துப் பூசினோம். வெயிலுக்குச் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும் என்று ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, அவற்றை நனைத்து நனைத்து மெல்லக் காயவிட்டோம். வெள்ளையடிக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். முதல் அறையை அடித்துவிட்டு, மறுநாள் அந்தச் சுவரில் சாய்ந்தேன். என் கறுப்பு அபாயா முழுக்க வெள்ளை. பாஸ் சிரித்துவிட்டார்.

"செவர நனைச்சிப்போட்டு அடிக்கணும் ராத்தா. காஞ்ச செவரு சுண்ணாம்புத் தண்ணிய உறிஞ்சி எடுத்திரும், தூள்தான் மேல நிக்கும். சாயிற ஆள்ர முதுகுலதான் வரும்."

அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, நனைத்து, நீர்க்க நீர்க்கத் திரும்ப அடித்தேன். கையால் தேய்த்தாலும் வரவில்லை. அடுத்த மாரி முழுக்கப் பெய்தது. சுவர் கறுக்கவில்லை, வீட்டுக்குள் மணமில்லை. இறக்காமத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனின் உம்மா வந்தவுடன் சுவரில் சாய்ந்து காலை நீட்டி, "ஊடு நல்ல குளிர்ச்சியா இரிக்கி" என்றார். அந்த மனுசியை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில், முன் மண்டபத்தில் வெயில் படுகிற சுவரில் ஓர் ஆள் சாய்கிற அளவுக்கு வெள்ளையடித்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்கவில்லை. நல்ல தடிப்பாக அடித்தேன். மகள் வந்து பார்த்தாள்.

"உம்மா, நீங்க நனைக்கல்லயே?"

"ஓம்" என்றேன்.

கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், வீட்டில் இருந்ததிலேயே நல்ல பாயைக் கொண்டு வந்து அந்த இடத்துக்கு நேரே சுருட்டி வைத்தாள். "நாளைக்கு மாமிக்கு இதுல விரிப்பம்" என்றாள். மாமி என்று அவள் சொன்னது மதினியை. தேநீர்த் தட்டோடு நின்ற முகம் அன்றைக்குத்தான் என் மகளிடமிருந்து போனது.

மதினி வராமல் இருக்க முடியாது, தம்பி மகளின் கல்யாணம். கல்லுப் பதித்த கறுப்பு அபாயாவில் வந்தாள். கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அந்தப் பாயில் இருத்தினேன். சாப்பிட்டு முடித்ததும் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். எழும்பி, பெண்கள் எல்லோருக்கும் நடுவால், ஒவ்வொருவருக்கும் ஸலாம் சொல்லிக்கொண்டு வாசல் வரை நடந்தாள். முதுகு முழுக்க வெள்ளை. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை, எல்லாரும் பார்த்தார்கள். நான் ஆட்டோ வரை போய் வழியனுப்பினேன்.

பின்னேரம் போன் வந்தது.

"என்ட அபாயா முழுக்கச் சுண்ணாம்பு. பாத்துக்கிட்டுத்தானே இருந்தாய், ஒரு சொல்லுச் சொன்னா என்ன?"

"அது காஞ்ச செவர்ல சாஞ்சாத்தான் மதினி அப்படி வரும். ஓதம் புடிச்ச செவர்ல வராது."

போனை வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். குரலை இறக்கிக் கேட்டாள்.

"எங்கட ஊட்டயும் இவர் சீமெந்து பூசின செவரெல்லாம் கொப்புளிக்கிது புள்ள. உன்ட பாஸ்ட நம்பர் இரிக்கா?"

"இரிக்கி மதினி. தேடி எடுத்து அனுப்புறன்" என்றேன்.

இப்போது மாரி பிறந்துவிட்டது. நானும் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.