ஜப்பான் வட்டும் ஆயுத பூஜையும்

துபாயில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு ஜப்பான்காரர் மேனேஜராக இருந்தார். மற்ற மேனேஜர்கள் விரலைச் சொடுக்கிக் கூப்பிட்ட இடத்தில், அவர் ஒருவர்தான் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்துப் பேசியவர். ஊருக்குத் திரும்பும்போது உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்பு வட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே கையைக் காக்கிற தகடாம், பரம்பரைச் சொத்தாம். கறுப்பும் பழுப்புமாகத் துரு ஏறி, எனக்கென்னவோ பழைய லாரியிலிருந்து கழன்று விழுந்த வாஷர் மாதிரிதான் தெரிந்தது.

இவர் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அதைக் காட்டினார். ஆபீஸில் ஒருத்தன், இதெல்லாம் அச்சில் வார்த்து டூரிஸ்ட் தலையில் கட்டுகிற சரக்கு என்று சிரித்துவிட்டான். அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. வட்டு போலி என்றால் அந்த ஜப்பான்காரர் காட்டிய மரியாதையும் போலி என்று ஆகிவிடுமே, அதுதான் இவர் கவலை. துபாயின் பழைய கடைவீதியான தேராவில் பழம்பொருள் விற்கிற ஈரானியப் பெரியவர் ஒருவரிடம் காட்டிக் கேட்பது என்று முடிவு செய்தார்.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. கத்தி, கத்திரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர், கார் சாவி எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். வட்டையும் வைக்கச் சொன்னார். துருவோடவா என்று கேட்டேன்.

"புளி போட்டு நல்லாத் தேய்ச்சு வை. சாமி முன்னாடி அசிங்கமா இருக்கக் கூடாது" என்றார், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விரல் எரிய எரியத் தேய்த்தேன். கம்பி நாரும் போட்டேன். பளபளவென்று வந்ததும் அவரே சந்தனம், குங்குமம் வைத்து, இப்போதுதான் லட்சணமாக இருக்கிறது என்றார்.

பூஜை முடிந்ததும் இரண்டு பேருமாகத் தேராவுக்குப் போனோம். பெரியவர் அதைக் கையில் வாங்கியதுமே முகத்தைச் சுளித்தார். லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வடிவம் சரிதான், ஆனால் நல்ல போலியிலும் வடிவம் சரியாகத்தான் இருக்கும். காலம் ஏற்றிய துருவைப் பார்த்துத்தான் தீர்த்துச் சொல்ல முடியும், அதைத் துடைத்து எடுத்துவிட்டீர்களே என்றார் இந்தியில். இனி இதை அசல் என்றும் சொல்ல முடியாது, போலி என்றும் சொல்ல முடியாதாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாப்பிட வந்தவர்களிடம் இவர் வட்டை எடுத்துக் காட்டினார். "நூத்துக்கு நூறு அசல். இவதான் புளியைப் போட்டுத் தேய்ச்சு நாசம் பண்ணிட்டா." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் போனதும், தேய்க்கச் சொன்னது யார் என்று கேட்டேன்.

"நான்தான். அவர் குடுத்ததை நானே கெடுத்தேன்னு வெளியில எப்படிச் சொல்றது? நீ பண்ணதாவே இருக்கட்டுமே."

இனி யாரும் அதைப் போலி என்று சொல்ல முடியாது. அந்த நிம்மதி அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. ஜப்பான்காரர் மானம் தப்பியது, இவர் மானமும் தப்பியது. எனக்கும் அப்படி ஒன்று உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அங்கே இருந்தவரை, எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் என் கைச் சோற்றைச் சாப்பிட்டார்கள்.