அறுப்புப் பண்டிகையில் கிடைத்த எலிப்சாய்டு

என்னைக் கைவிடாத ஆண்டவரின் பெயரால் உங்களுக்கு வணக்கம். திருத்தணியில் ஒரு பள்ளியில் தற்காலிகமாகக் கணக்கு சொல்லிக்கொடுத்துவந்தேன். பி.எஸ்சி.யில் ஒரே ஒரு அரியர், முப்பரிமாண வடிவியல். போன நவம்பரிலும் தேறாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு எமனாக வந்தது எலிப்சாய்டு என்கிற நீள்வட்டத் திண்மம். சமன்பாட்டை எழுதிவிடுவேன். படம் என்றால் கை ஓடாது. எப்படி வரைந்தாலும் தட்டையாக ஒரு முட்டை, அதன்மேல் குச்சி குச்சியாக மூன்று அச்சுகள். உட்கார்ந்தால் மனம் நிற்காது. எழுந்து நடப்பேன். மின்சார ரயிலில் புத்தகத்தைத் திறப்பேன், மூடுவேன்.

"நடந்துகினே படிச்சா எப்பிடிம்மா மண்டையில ஏறும்? உக்காரு" என்பார் நைனா. பாவம், அவர்மேல் எரிந்து விழுவேன்.

உபவாசம் இருந்தேன். என்ன கேட்டேன் தெரியுமா? "ஆண்டவரே, அந்தக் கேள்வி மட்டும் வர வேண்டாம்." புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். நிம்மதி வரவில்லை.

தேர்வுக்கு முந்தின ஞாயிறு எங்கள் சபையில் அறுப்புப் பண்டிகை. காணிக்கையாக வந்த காய்கனிகளை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். ஒரு பெரிய பூசணிக்காயை முழுதாக எடுக்க ஆளில்லை. துண்டு போடச் சொல்லிக் கத்தியை என்னிடம் கொடுத்தார்கள். தரையில் கிடந்து வளர்ந்து, மேலும் கீழும் அமுங்கிய காய். நீளம் ஒன்று, அகலம் ஒன்று, உயரம் ஒன்று.

குறுக்கே வெட்டினேன். வெட்டிய முகம் ஒரு நீள்வட்டம். அடுத்த துண்டும் அதே வடிவம், கொஞ்சம் சிறியது. நுனிக்குப் போகப் போகச் சுருங்கி ஒரு புள்ளியில் முடிந்தது. மீதிப் பாதியை நெடுக்கில் வெட்டினேன். அங்கே வேறொரு நீள்வட்டத்தின் பாதி! மூன்று தளங்களில் வெட்டினால் மூன்று நீள்வட்டங்கள். அவற்றை வரைந்துவிட்டுச் சுற்றி மூட வேண்டியதுதான். கண்ணீர் கொட்டியது.

"ஜனம் காத்துகினு இருக்குது, நீ இன்னாம்மா பூசணிக்காயைப் பாத்து அழுதுகினு நிக்கிற?" என்றார் ஏலம் விட்ட அண்ணன்.

"ஜெபத்துக்குப் பதில் வந்துடிச்சிண்ணா" என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று மாலையே வரைந்தேன். மறைந்திருக்கும் பின்பக்கத்துக்குப் புள்ளிக்கோடு போட்டேன். தாளைவிட்டுப் புடைத்துக்கொண்டு நின்றது.

தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. முதலில் அதைத்தான் எழுதினேன். தேறினேன், வேலை நிலைத்தது. ஸ்தோத்திரம்.

இன்றும் நான் பரபரப்புக்காரிதான். ஜெபம்தான் மாறிவிட்டது. நான் பயப்படும் காரியத்தை விலக்கும் என்று இப்போது கேட்பதில்லை, அதைப் பார்க்கக் கண் தாரும் என்கிறேன். வரவே கூடாது என்று நீங்கள் அழுகிற ஒன்று உங்களுக்கும் இருக்கும். அதை ஒளிக்காமல் அவரிடம் சொல்லுங்கள். வந்தால் வரட்டும், அவரும் கூடவே வருவார்.