வாயை மூடாத முதலை

விடுதி நண்பர்களே, ஒகேனக்கலிலிருந்து கரி போட்டு ஓட்டும் பஸ்ஸில் இப்போதுதான் வந்து இறங்கினேன். இதைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் குளியல்!

பரிசலில் நானும் சேலத்து மாமன் மகன் ரத்தினமும். எதிர்ப் பாறையில் ஒரு முதலை வாயைப் பிளந்தபடி வெயில் காய்ந்தது.

"மூஞ்சி அகலமா இருக்குது. அது முதலை இல்லடா, அலிகேட்டர்," என்றான் ரத்தினம்.

"அலிகேட்டர் அமெரிக்காவுலடா இருக்குது! முதலைன்னா வாயை மூடினாலும் கீழ்ப்பல்லு வெளியே தெரியும். அலிகேட்டருக்குத் தெரியாது."

தோற்றவன் தன் வறுத்த மீனை ஜெயித்தவனுக்குத் தரவேண்டும் என்று பந்தயம் கட்டினோம். ஆனால் அந்த மகராசன் வாயை மூடினால்தானே!

"இதுக்கு மேல கிட்டப் போவ மாட்டனுங்க தம்பி," என்றார் பரிசல்காரர்.

எனக்குப் பொறுமை போயிற்று. ரத்தினத்தின் இலைப் பொட்டலத்தைப் பறித்து, அவன் மீனைப் பாறைக்கு வீசினேன். டப்பென்று வாய் மூடியது. கீழ்ப்பல் பளிச்சென்று வெளியே!

"ஜெயிச்சுட்டேன்! எடுடா மீனை!" பரிசலே ஆடும்படி குதித்தேன்.

"உன் மீனுதான், அங்க இருக்குது. போயி வாங்கிக்கோ," என்று ரத்தினம் முதலையைக் காட்டினான்.

வாங்கிவர என்னோடு யார் வருகிறீர்கள்? கீழே இடம் விட்டிருக்கிறேன், பெயர் எழுதுங்கள்.