அண்ணி மாட்டிய மூன்றாவது பின்

என் அண்ணி மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர். இப்போது வீட்டு முன்னறையில் பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்க்கிறார். பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கைக்கு மட்டும் அப்படியொரு பொறுமை! அண்ணனுக்கு ஒரு பல்பு மாட்டவும் அவர்தான் வர வேண்டும்.

அன்று நாலு மணிக்கு எங்கள் குழுவின் முதல் ஒலிப்பதிவு. என் கிடார் ஆம்ப்போ என்னைவிட வயதில் மூத்தது. போட்டதுமே "ம்ம்ம்" என்று உறுமும். உறுமினால் பதிவு கிடையாது என்று ஸ்டூடியோக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். காலையிலேயே அண்ணியிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அவர் ஆம்ப்பைப் பார்க்கவில்லை, பிளக்கைப் பார்த்தார்.

"எர்த் பின் எங்கே?"

"உடைஞ்சிடுச்சு அண்ணி."

"தானாவா?"

குறடு வைத்து நான்தான் உடைத்திருந்தேன். எர்த் போனால் உறுமல் பாதி குறையும். கிடார் வாசிக்கிற எங்கள் ஆட்களில் பலர் செய்கிற புத்திசாலித்தனம். உள்ளே மின்சாரம் கசிந்தால் கிடார் கம்பி வழியாக என்மேல்தான் இறங்கும் என்று எவன் யோசித்தான்?

புது பிளக் மாட்டினார். உறுமல் இரண்டு மடங்கானது.

"ஒரு பாட்டுக்குத்தானே அண்ணி, பழையபடியே விட்டுடுங்களேன்!"

"சாகறதுக்கு ஒரு பாட்டு நேரம்கூட வேண்டாம். வாயை மூடிட்டு உட்காரு."

ஆம்ப்பைத் திறந்து, உள்ளே தேங்கியிருந்த மின்சாரத்தை முதலில் வடித்தார். "எவனோ கை போன இடத்துல எல்லாம் எர்த்தைப் பத்த வச்சிருக்கான், உறுமாம என்ன செய்யும்" என்று திட்டிக்கொண்டே கம்பிகளைப் பிரித்தார். பவர் பக்கத்துக் கம்பிகள் ஓரிடத்தில், கிடார் பக்கத்துக் கம்பிகள் வேறிடத்தில், பிளக்கின் எர்த்துக்குத் தனி போல்ட். சாப்பிடக்கூட எழவில்லை. நான் பத்து முறை கடிகாரத்தைப் பார்த்திருப்பேன்.

மூன்று மணிக்குப் போட்டார். விளக்கு எரிந்தது, சத்தமே இல்லை. போச்சுடா என்று பதறிப்போய்க் கம்பியை மீட்டினேன். அடேயப்பா, என்ன நாதம்!

அறையில் கிடந்த ஒரு மைக்கை இன்னொரு ஆம்ப்பில் செருகி, "பாடிக் காட்டு" என்றார். குழுவில் பாட்டும் நான்தான்; கிடாரை மீட்டிக்கொண்டே பாடினேன்.

"ஏன்டா ஒரு சாண் தள்ளி நிக்கறே?"

"கிட்டப் போனா உதட்டுல சுரீர்னு அடிக்கும் அண்ணி. அந்தப் பின் போன மூணு மாசமா அப்படித்தான்."

அண்ணியின் முகம் வெளுத்துவிட்டது. என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தார். மீட்டரை எடுத்து மைக்குக்கும் கிடாருக்கும் நடுவே அளந்தார்; முள் அசையவே இல்லை. அதுவும் போதவில்லை அவருக்கு. ஒரு கையால் கிடார் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, மைக்கைத் தன் உதட்டில் ஒட்டவைத்துப் பார்த்தார்.

அதன் பிறகுதான் மைக்கை என்னிடம் கொடுத்தார்.